அதே பாட்டு (சோகம்)

இருபத்தியிரண்டு வருஷமாக
முகூர்த்த நாள் தவறாமல் பாடுகிறேன்.
செல்லூர், பழங்காநத்தம், ஒத்தக்கடை,
ஏசி மண்டபம், தகரக் கொட்டகை,
எங்கே என்றாலும்
இரண்டாம் பந்தி எழுந்திருக்கும் நேரம்
மேடைக்குச் சீட்டு வந்துவிடும்:
"அந்த அண்ணன் தங்கச்சி பாட்டு."

நல்ல பாட்டு.
பாடிப் பிழைக்கிறவள் சொல்கிறேன்.
பல்லவி ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும்,
தொண்டை அடைத்தவனும் பாடலாம்,
அதற்கென்றே கட்டியிருக்கிறார்கள்.
எங்கே மூச்சு முட்டுமோ
அங்கே சரியாக ஒரு இடைவெளி.
வயலின்கள் ஏறும்போது
எனக்குப் பதினாறு எண்ணும்வரை ஓய்வு.
அப்போதுதான் மண்டபத்தைப் பார்ப்பேன்.
மொய் எழுதுகிறவர்
நூற்றியொன்றில் நூறோடு நின்றிருப்பார்.
காலையில் சீர்வரிசைக்குச் சண்டை போட்ட சம்பந்திகள்
ஒரே தாளத்துக்குத் தொடையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரணம் யாருக்கும் தெரியாது.
அதுவும் நல்லதுக்குத்தான்.
பல்லவியில் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பார்கள்,
யார் யார் எங்கே போனார்கள் என்பது
சரணத்தில்தான் வரும்.

படத்தில் அது இரண்டு முறை.
முதலில் மாட்டுவண்டியில், துள்ளலாக.
இடைவேளைக்குப் பிறகு
அதே மெட்டு, பாதி வேகம், ஒற்றைப் புல்லாங்குழல்.
கேசட் அட்டையில்
அடைப்புக்குறிக்குள் 'சோகம்' என்று போட்டிருக்கும்.
சோகத்துக்கு எனக்கு இதுவரை
ஒரு சீட்டும் வந்ததில்லை.

போன மாசம் பதினேழாம் தேதி
உசிலம்பட்டி பத்திர ஆபீசுக்கு அண்ணன் கூப்பிட்டான்.
"ஒரே ஒரு கையெழுத்து பவுனு. அரை மணி நேரம்."
தம்பி ஒச்சு ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தான்.
அவனாக எனக்கு வாங்கித் தந்த முதல் இளநீர்.
எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்:
அன்பினாலும் பாசத்தினாலும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றி
நன்செய் ஒன்றேகால் ஏக்கரிலும்
கிணற்றிலும் எனக்குள்ள பாத்தியதையை...
பாசம் மூன்று இடத்தில் வந்தது.
பாட்டில்கூட இரண்டுதான்.
மெட்டில்லாமல் கேட்க
எவ்வளவு சின்னச் சொல்.

சர்வர் படுத்துவிட்டது என்றார்கள்.
வராந்தாவில் நின்றோம்.
சும்மா நிற்கத் தெரியாத தவசி அண்ணன்
சுவரில் சாய்ந்து முணுமுணுத்தான்.
அதே பாட்டு.
வேண்டுமென்று இல்லை,
அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.
'வீடு' என்ற இடத்தில் சுருதி பொத்தென்று விழுந்தது.
எல்லா அண்ணன்களும் அங்கேதான் விழுவார்கள்.
"இறங்காதண்ணே. அங்க மேல போகணும்."
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
பாடியும் காட்டினேன்,
பத்திர ஆபீஸ் என்பதால் சத்தமில்லாமல்,
சத்தமில்லாததால் மெதுவாக.
பாதி வேகத்தில்.
ஒச்சு வெறும் இளநீர்க் கூட்டை உறிஞ்சிக்கொண்டே
நிறுத்தியிருந்த பைக்குகளை எண்ணினான்.
வில்லங்கச் சான்றுக்கு வந்திருந்த ஒருத்தி
பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்,
வெகுநேரம் தேடினாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
"கிணத்தை மட்டும் எடுத்துட்டு
வேற எழுதச் சொல்லுண்ணே" என்றேன்.
"கிணத்துப் பங்கை வச்சு
மதுரையில என்னக்கா பண்ணப் போற?"
"வருஷத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பாப்பேன்."
முத்திரைத்தாள் வீண் என்றான் அண்ணன்.
எவ்வளவு என்று கேட்டு
பாதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி பழங்காநத்தத்தில் வரவேற்பு.
சீட்டு வந்தது.
கீபோர்டு ஞானதுரை புருவத்தை உயர்த்தினான்,
வழக்கமான கட்டைதான் என்றேன்.
தபேலா துள்ளி விழுந்தது.
இரண்டாவது பல்லவிக்குப்
பெண்ணின் அண்ணன் மேடையேறி
மைக்கைக் கேட்டான். கொடுத்தேன்.
'வீடு' வந்தது.
பொத்தென்று விழுந்தான்.

திருத்தவில்லை.
கீழே மொய்க்காரர்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
அவனோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தார்.