மூன்றாவது வட்டம்

இலவச டெம்ப்ளேட்டைத் திறந்ததும்
முதலில் வந்து நின்றவள் ஒரு வெள்ளைக்காரி.
கையில் காபிக் கோப்பை, பின்னால் கடல்.
அவளை அழித்துவிட்டு
அந்த இடத்தில் மூன்றங்குல புட்வால்வை வைத்தேன்.
அது சிரிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம்,
அளவு தெரியட்டும் என்று.

எட்டு வருஷம் மன்னார்குடி மோட்டார் கடையில்
பில் எழுதியவள் நான்.
வாஷர், கிளாண்டு கயிறு, இம்பெல்லர்,
எது எந்தப் பலகையில் என்று
முதலாளி என்னைத்தான் கேட்பார்.

பெயருக்குத்தான் ரொம்ப அலைந்தேன்.
யோசித்ததையெல்லாம் யாரோ வாங்கிப்போட்டிருந்தார்கள்,
வேலிகூடப் போடாத மனை மாதிரி.
கடைசியில் 'கடைமடை' கிடைத்தது,
வருஷத்துக்கு எழுநூற்றுச் சொச்சம்.
கடையும் இருக்கிறது அதில், மடையும் இருக்கிறது.
போட்டிக்கு ஒருவரும் வரவில்லை.
தண்ணீரே அங்கே கடைசியாகத்தானே வரும்.

தமிழில் பேசுவேன் என்றது கருவி.
செக்-அவுட்டை 'வெளியே பார்' என்று எழுதியது.
பார்த்தேன். மழை இல்லை.
'பில் போடு' என்று மாற்றினேன்.
எழுத்துரு வேறு,
மோட்டாரின் கொம்பை ஒரு பக்கமும்
காலை ஒரு பக்கமும் கழற்றிப் போட்டு
நடுவில் புள்ளி வட்டம் வைத்தது.
இரண்டு ராத்திரி அதற்கே போயிற்று.

என் போனில் பறந்த பக்கம்
ஒற்றைக்கோடு சிக்னலில்
நீடாமங்கலம் ரயில்வே கேட்.
சரக்கு வண்டி முன்னே போய், பின்னே வந்து,
இன்ஜினைக் கழற்றி, மாட்டி,
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
எவன் நிற்பான்?
குனிந்து கேட்டுக்கு அடியில் போய்விடுவான்.
நாலு எம்பி படத்தை எண்பது கேபி ஆக்கினேன்.
பெயின்டின் பளபளப்பு கொஞ்சம் செத்தது.
கேட் திறந்தது.

அப்புறமும் பணம் வரவில்லை.
வந்தவர்கள் நூற்றுப்பத்து பேர்,
வால்வைத் தொட்டுப் பார்த்தவர்கள் முப்பது,
கூடையில் போட்டவர்கள் ஒன்பது,
பில் போட்டவர் யாருமில்லை.
மேலே திறந்த தண்ணீர்
எந்த ஷட்டரில் ஒழுகுகிறது என்று
வாய்க்கால் ஓரம் நடக்கும் லஸ்கர் போல
என் பக்கத்தின் ஓரமாகவே நடந்தேன்.
ஈமெயில் கேட்டிருந்தேன். எடுத்தேன்.
கடவுச்சொல், இரண்டு தடவை. எடுத்தேன்.
பிறந்த தேதி.
புட்வால்வுக்கு எதற்கு ஜாதகம்?
போன் நம்பரை அடியிலிருந்து
தலைக்குக் கொண்டுவந்தேன், கொட்டை எழுத்தில்.

அதில்தான் கூப்பிட்டார் காத்தமுத்து,
இடும்பவனத்திலிருந்து,
விடியற்காலை நாலு நாற்பதுக்கு.
"இது நெசமாவே கடையா?"
ஆமாம்.
"ஆளு இருக்கா?"
நான்தான் ஆள்.
இன்ஜின் ஓடுகிறதாம். ஏறின தண்ணீர்
குழாயிலேயே இறங்கிவிடுகிறதாம்.
நாற்றங்கால் இன்னும் மூணு நாள்தான் தாங்குமாம்.
"எல்லாம் அமுக்கிட்டேன் தங்கச்சி.
கடைசில எங்க ஊரு நம்பரப் போட்டா
சேவை இல்லைங்குது."

கூரியர்காரனின் வரைபடத்தில்
அந்தப் பின்கோடு சாம்பல் நிறம்.
அத்தனை ஷட்டரையும் பார்த்தவள்
இதைப் பார்க்கவில்லை.

வால்வைச் சாக்கில் சுற்றி
மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றினேன்.
அங்கிருந்து இன்னொரு கண்டக்டர் கைக்கு.
பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் காலடியில்
நாலு கிலோ இரும்பு தெற்கே போயிற்று.
சாயந்திரம் பணம் வந்தது,
அறுபது ரூபாய் கூடுதலாக.
எதற்கென்று எழுதவில்லை.

இன்று டெலிவரிப் பக்கத்தைத் திறக்கிறேன்.
இரண்டு வட்டங்கள் இருக்கின்றன:
கூரியர். நேரில் வந்து வாங்க.
தேர்வுகளைக் குறை என்கிறது கருவியின் அறிவுரை.
கீழே இன்னொரு வட்டம் போட்டு
எதிரே எழுதுகிறேன்:
பஸ்ஸில் போட்டுவிடவும்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
கண்டக்டருக்கு டீக்காசு தனி.
பதினொன்று இருபது வண்டி
திங்கட்கிழமை வராது.