நாலு மில்லிமீட்டர்

என்ன நிறம் அடிப்பாய் என்று கேட்டான் இத்வல்.
நிறம் கடைசி.
உன் ஷூ அளவைச் சொல் முதலில்.

பதினொன்று.
பதினொன்றென்றால் குதிகால் பின்னே நீளும்,
பெடல் சுற்றும்போது பையில் இடிக்கும்.
பை பின்னே போகவேண்டும்,
பைக்காகக் கேரியர்,
கேரியருக்காகச் சக்கரம்.
கோடு கோடாக நகர்ந்தது
என் வரைபடத்தில் ஒரு முழு சைக்கிள்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன்.
டோல்கெத்லியிலிருந்து மலைப்பண்ணைகளுக்கு,
குளிர்ந்த தேவாலயங்களுக்கு,
பள்ளிக்கூடங்களுக்கு.
மழையில்தான்.
வேல்ஸில் வேறு எதில் போவது?

கருவிப்பெட்டி ஒன்பது கிலோ என்றான்.
தராசில் வைத்தேன், பதிமூன்று.
சுமையைக் குறைத்துச் சொல்லாத ஆளை
இந்தப் பட்டறை இன்னும் பார்க்கவில்லை.

திரும்பும்போது பெருவிரல்
முன் மட்கார்டில் இடிக்கக் கூடாது.
வேகமாகப் போகையில் இடிக்காது அது.
வாசலில், ஊர்ந்து போகையில்,
நாலு பேர் பார்க்கத்தான் விழுவாய்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்.
சுண்டுவிரல் போதாது.
களிமண், ஊசியிலை, ஆட்டுப்புழுக்கை
எல்லாவற்றுக்கும் அதுதான் பாதை.

மட்கார்டைத் தாங்கும் குறுக்குக் குழாய்கள்
அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும்.
வளைத்து இழுத்து மாட்டிய தகரம்
அன்றைக்கு ஒத்துக்கொள்ளும்.
மூன்றாம் குளிர்காலத்தில்
திருகின் ஓரமாய் விரிசல் விடும்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க
வாசலில் சாத்தியிருந்த என் சைக்கிளை
அரையடி தூக்கிக் கீழே போட்டான் அவன்.

எஃப் ஷார்ப், என்றான்.
கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

நான் ஒட்டிய முதல் பிரேம் அது.
பின்குறுக்குக் குழாய் நாலு மில்லிமீட்டர் கீழே.
நடுவே இரண்டு வாஷர், ஒரு தோல்துண்டு,
பதினோரு வருடம்.
கற்பாலத்தில் ஏறும்போதெல்லாம் கேட்பேன்,
என் காதுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

சரிசெய்யலாமே?
செய்யலாம்.
அறுத்து, சூடுகாட்டி,
பித்தளை உருக்கி மறுபடி ஒட்டவேண்டும்.
பெயிண்ட் போகும்.
வாடிக்கையாளர் வேலை முடியட்டும் என்று தள்ளிவைத்தது.

ஒன்றும் சொல்லவில்லை அவன்.
முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டு
மழையில் நடந்து போனான்.

வியாழக்கிழமை ஒரு செய்தி:
மன்னிக்கவும். பதினொன்று வெயில்கால ஷூ.
மழைக்கால பூட்ஸ் பன்னிரண்டு.

மழைக்காலம்!
இந்த ஊரில் ஏதோ மற்றதும் இருப்பதுபோல.

ரப்பரை எடுத்தேன்.
பை பின்னே போகிறது,
கேரியர் பின்னே போகிறது.