ஏற்றுக்கூலி

வடக்கு வெளி வீதி லாரி ஆபீசில்
போன் எடுப்பது நான்.
பெயர் வீரணன். வயது நாற்பத்துமூன்று.
மகரக்கட்டு உடையாமலே
நின்றுபோன குரல்.

"மேடம், தேனி வண்டி கிளம்பிருச்சா?"
"கிளம்பிருச்சுங்க."
ஒரு நாளைக்கு முப்பது மேடம் தேறும்.
முன்பெல்லாம் திருத்துவேன்.
திருத்தினால் அந்தப் பக்கம்
ஒரு மௌனம் வந்து உட்காரும்.
அதற்கு மேடமே தேவலை.

எல்லோரும் சொல்லியாயிற்று.
தொண்டை டாக்டர்
அடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
பெண் பார்த்துத் திரும்பிய வேனில்
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி
சித்தப்பா சொன்னார்:
"ஏத்துக்கிட்டுப் போகவேண்டியதுதானப்பா."
எங்கே போக என்று அவரும் சொல்லவில்லை.

போன ஞாயிறு தல்லாகுளத்தில்
முதலாளி பணம் கட்டி அனுப்பிய பயிற்சி.
ஆளுக்கொரு கைக்கண்ணாடி.
"நான் என்னை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்."
ஒவ்வொருத்தராக, உரக்க.
என் முறை வந்தது. சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
பிறகு கைதட்டினார்கள்.
மற்ற யாருக்கும் தட்டவில்லை.

அந்தச் சொல்லோடு எனக்குப்
பதினைந்து வருசப் பழக்கம்.
பேரேட்டில் தினமும் எழுதுகிறேன்,
ஏற்றுக்கூலி இவ்வளவு, இறக்குக்கூலி இவ்வளவு.
ஒச்சு நூறு கிலோ மூட்டை சுமப்பான்.
ஆனால் தன் முதுகில் தானே அவன்
ஏற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.
குனிந்து நிற்பான்.
இரண்டு பேர் முனைக்கொருத்தராய்ப் பிடித்து
"விடவா?" என்பார்கள்.
"ம்" என்ற பிறகுதான் விடுவார்கள்.
கூலி மூன்று பேருக்கும்.

தன்னைத் தானே ஏற்றிக்கொள்வதில்
குனிவது யார், முனை பிடிப்பது யார்?
கண்ணாடி கொடுத்தவரிடம் கேட்டிருக்கலாம்.
கைதட்டலில் மறந்துபோனது.

நேற்று ராத்திரி நல்ல மழை.
பேரையூர்க் கடைக்கு வாட்ஸ்அப்பில்
பேசி அனுப்பினேன்.
"ஒரே இரைச்சல், ஒண்ணும் வெளங்கல"
என்று பதில் வந்தது.
அப்படி என்ன இரைச்சல் என்று
நானே போட்டுக் கேட்டேன்.
என் குரலை நான்
கடைசிவரை கேட்டது அதுதான் முதல் தடவை.

தகரத்தில் மழை.
ஒச்சு யாரையோ வைகிறான்.
அதற்கெல்லாம் மேலே, மெல்லிசாக,
"பதினாலு மூட்டை ஏறிருச்சுங்க.
ஒண்ணு மட்டும் அடியில நனைஞ்சிருக்கு.
பாத்து இறக்குங்க."

எனக்கு விளங்கியது.
மறுபடி அதையே அனுப்பினேன்.