ஒன்பது இலக்கமும் ஒரு வீயும்

இரவு இரண்டு பத்து.
பம்பலப்பிட்டியில் ரயில் பாதையோரக் கட்டடம்,
ஐந்தாம் மாடி.
லொக் கோப்பில் ஒரே வரி:
“மாற்ற இயலவில்லை.”
எதை, எதுவாக, யாருடையதை?
ஒன்றுமில்லை.

பின்னோக்கி இறங்கினோம், நானும் பஸ்மியாவும்.
பதினேழு படி ஆழத்தில்
ஓர் ஓய்வூதியம் அனுப்பப்படாமல் நின்றது.
நிற்கலாம், அது பிழையில்லை.
நின்ற இடத்திலிருந்து விதிவிலக்கு ஒன்றை எறிந்திருக்கிறோம்,
அதன் கையில் ஒரு பையும் கொடுத்து:
கிளை, தொகை, அடையாள அட்டை இலக்கம்.
எதைப் போட்டாலும் வாங்கும் பை.
வகை என்ற இடத்தில் “எதுவும்” என்று
போன மாசியில் எழுதியவன் நான்தான்.
நேரமில்லை என்றேன் அப்போது.

மேலே பிடித்தவன் பைக்குள் கைவிட்டான்,
இலக்கம் என்றால் எண்தானே என்று நம்பி.
பழைய அட்டை.
ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வீ.
நீட்டிய விரலை அந்த வீ கடித்தது.
பிழையைச் சொல்ல வந்த பிழை
வழியிலேயே தடுக்கி விழுந்து
தான் விழுந்ததை மட்டும் சொல்லிப் போயிற்று.

“பைக்குள் அறை பிரி,
அறைக்கொரு சாவி” என்றாள் பஸ்மியா,
ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்து.
“தன் பொருள் என்ன வகையென்று
சாவிக்கே தெரியட்டும்.
தொகைச் சாவியால் அட்டையைத் தொட்டால்
கம்பைலர் வாசலிலேயே நிறுத்தும்.”

நிறுத்தும் என்றதும்
என் கை விசைப்பலகையில் நின்றது.

இதே காலி வீதியில், இருபது வயதில்,
பஸ்ஸிலிருந்து இறக்கி
பையில் என்ன என்று டோர்ச் அடித்தார்கள்.
ஒன்பது இலக்கமும் ஒரு வீயும் போதவில்லை அவர்களுக்கு.
அட்டையைத் திருப்பிப் பிறந்த இடம் வாசித்தார்கள்.
நான் என்ன வகையென்று
என்னைவிட உறுதியாய்த் தெரிந்திருந்தது அவர்களுக்கு.
பஸ் போய்விட்டது.
நேரமில்லை என்றது பாதி உண்மை.
“எதுவும்” என்று எழுதுகையில்
யாரையும் நிறுத்தவில்லை என்றொரு சுகம்.

பஸ்மியாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை.
அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
“இது புறப்படுமுன் கேட்கும்.
எல்லாரிடமும் ஒரே கேள்வி.
பாதி வழியில் இறக்காது.”

எழுதினேன்.
பதினொரு இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது,
பதினொன்றும் என் கைவேலை.

ஐந்து மணிக்கு மறுபடி எறிந்தோம்.
கொட்டாஞ்சேனைக் கிளை.
முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.
ஒன்பது இலக்கம், தன் வீயோடு முழுசாய்.

பணம் இன்னும் போகவில்லை.
யாருடையதென்று தெரிகிறது.
முதல் ரயில் ஜன்னலை உலுக்கிப் போனது.
கிளை திறக்க ஒன்பதாகும்.