கேட்கிறதாம்

பாலத்தின் நடு முதுகில், விடிகாலை ஐந்தேமுக்கால்,
இரண்டாயிரத்து நானூறு சுற்றில்
ஒரு விசில்.
குக்கர் விசில் இல்லை.
பல்வலிக்காரன் பல்லிடுக்கில் காற்றை இழுக்கும் விசில்.
அதற்குப் பிறகு மூச்சு போய்விடும்.
எவ்வளவு மிதித்தாலும் வண்டிக்கு உறைக்காது.
பின்னால் கொள்கலன் லாரி
விளக்கை அடித்து அடித்து
என் பரம்பரையை விசாரிக்கும்.

ஒன்பது வருடக் கடனில் வாங்கிய டர்போ.
விற்றவன் சொன்னான்:
"எஞ்சின் சின்னது அக்கா, நுரையீரல்தான் பெரிசு."
அந்த நுரையீரலைத் தூக்கிக்கொண்டு நான்காவது முறை
சுங்கை நிபோங் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன்.
என் எண் இருபத்தேழு.
மைலோ மெஷினில் மைலோ தீர்ந்து
வெந்நீர் மட்டும் வருகிறது.

கவுன்ட்டரில் ஹுய் ஷின்
வேலைச்சீட்டில் தட்டுகிறாள், ஆங்கிலத்தில்:
வாடிக்கையாளர் சொல்கிறார், சத்தம் உண்டு.
என் மொழியில் இவ்வளவு நீட்ட வேண்டாம்.
ஒரு விகுதி போதும்.
கேட்கிறதாம்.
தனியே நின்றால் தலையாட்டும் அதே 'ஆம்'
வினையின் வாலில் ஒட்டியதும்
எனக்கென்ன தெரியும் என்று கையை விரிக்கிறது.

மடிக்கணினியைச் செருகிப் பார்த்தார்கள்.
பிழைக்குறி ஒன்றும் இல்லை.
நார்மல்லா மிஸ், டர்போ என்றால் கொஞ்சம் ஊதும்.
கேட்காமலே எஞ்சின் எண்ணெய் மாற்றினார்கள்.
பில்லில் நான்கரை லிட்டர்.
கையேட்டில் மூன்றேமுக்கால்.
மிச்சம் எங்கே என்றேன்.
ஹுய் ஷின் கால்குலேட்டரைப் பார்த்தாள்.
கால்குலேட்டர் என்னைப் பார்த்தது.
வண்டியை நன்றாகக் கழுவித் தந்தார்கள்,
அதில் குறை சொல்ல முடியாது.

எனக்கு பாயான் லெப்பாஸில் வேலை,
திரும்பி வரும் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவு.
எங்கோ ஒருவன் எழுதி அனுப்புவான்:
சில சமயம் அணைந்துவிடுகிறது.
பலகையில் மாட்டுவேன். ஓடும்.
'பிழை காணப்படவில்லை', நீல முத்திரை.
ஒரு ஷிப்டுக்கு நாற்பது.
பதினொரு வருடமாக
நாளைக்கு நாற்பது பேரைப் பொய்யனாக்கிவிட்டு
கேன்டீனில் நிம்மதியாக நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறேன்.

ஐந்தாவது முறை எண் வாங்கவில்லை.
பின்பக்கமாகப் பணிமனைக்குள் போய்
கிரீஸ் கையோடு நின்றவனிடம் சொன்னேன்:
ஏறு, பாலம் வரைக்கும். டோல் என் காசு.
சட்டையில் பெயர் சுல்ஹில்மி.
ரேடியோவை அணைத்தேன். ஏர்கோனை அணைத்தேன்.
கண்ணாடிகளை ஏற்றினேன்.
அவன் மேலுதட்டில் வியர்வை முளைத்தது.
ஏற்றம்.
இரண்டாயிரத்து இருநூறு. முந்நூறு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் தலை மெல்லச் சாய்ந்தது
டேஷ்போர்டின் இடது மூலைக்கு.

"அடா" என்றான்.

மலாயில் அதற்கு 'இருக்கிறது' என்று பொருள்.
எனக்குத் தமிழிலும் கேட்டது.

பாகம் ஷா ஆலமிலிருந்து வரவேண்டுமாம், ஆறு வாரம்.
உத்தரவாதத்தில் சேருமா, அதைத் தலைமையகம்தான் சொல்லுமாம்.
அதுவரை இரண்டாயிரத்தைத் தாண்ட வேண்டாம் காக், என்றான் சுல்ஹில்மி.
ஹுய் ஷின் புதுச் சீட்டு அடித்தாள்:
சத்தம் உண்டு.
'சொல்கிறார்' இல்லை.
ரசீதைத் தொலைத்தாலும் அதைத் தொலைக்கக்கூடாது என்று
அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்தேன்.

அன்றிரவு ஹாம்பர்க்கிலிருந்து வந்த சில்லு
பலகையில் நன்றாகத்தான் ஓடியது.
முத்திரையை எடுத்தேன். கீழே வைத்தேன்.
சூட்டுப் பெட்டியை எண்பத்தைந்துக்கு ஏற்றிவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
லைன் லீடர் கமலேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.
"என்ன, நாப்பது முடிஞ்சிருச்சா?"

"பத்தொம்பது" என்றேன்.