மூன்று பக்கப் படிவம்

ஆறாம் மாடிக்கு லிஃப்டில்தான் வந்தேன்.
கதவு அரை நொடி தாமதமாக மூடுகிறது.
யாரும் கேட்கவில்லை,
இருந்தும் குறித்துக்கொண்டேன்
பேருந்துச் சீட்டின் பின்பக்கம்.

உளவியல் டாக்டர் படிவம் தந்தாள், ஒரு பேனாவும்.
மூடியை யாரோ நன்றாகக் கடித்திருந்தார்கள்.
"அவசரமில்லை, நெலிதா.
சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்கள்
எல்லாரிடமும் கேட்பதுதான்."

உங்கள் குணத்தை விவரிக்கவும்.

நிதானம் என்று எழுதினேன். அடித்தேன்.
பிடிவாதம் என்று எழுதினேன்.
அடிக்கப் போய், விட்டுவிட்டேன்.
மொந்தேவீதியோ நகரத்து லிஃப்டுகளில்
இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன்,
கம்பிவடத்தைத் தடவிப் பார்க்க, பிரேக்கைத் தட்டிப் பார்க்க.
பழுது என்றால் பத்து நாள் கெடு எழுதி
கண்ணாடியில் ஒட்டிவிட்டு வருவேன்.
சீட்டைக் கிழித்துப் போட்ட கட்டடத்துக்குப்
பதினோராம் நாள் விடியலிலேயே போய் நிற்பேன்.
ஆகவே, மன்னிக்கத் தெரியாதவள்
என்றும் எழுதலாம். இடமில்லை.

இடம் இருந்தது.

விருப்பங்கள்?

லிஃப்டுக்குள் மனிதர்கள் சொல்வதைச் சேர்த்துவைக்கிறேன்.
இருநூற்றுப் பதினான்கு ஆகிவிட்டது.
தன் நாயிடம் ஒரு கிழவர்:
"அவளிடம் சொல்லிவிடாதே."
நான்காம் மாடியிலிருந்து தரைவரை
கண்ணாடியைப் பார்த்து "முடியாது" சொல்லிப் பழகிய பெண்;
தரையில் கதவு திறந்ததும்
"சரி" என்றாள் எதிரே நின்றவனிடம்.
அப்புறம், குளிர்காலத்திலும்
நாங்கள் கடல் என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் பழுப்பு ஆற்றில்
முழங்கால்வரை இறங்கி நிற்பது.
அப்புறம் கால்பந்து, டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு.
ஏன் அணைத்துவிட்டு என்று படிவம் கேட்கவில்லை.
கோல் விழுந்தால் தெருக்கோடிவரை கேட்கக் கத்துகிற ஒருவனோடு
ஒரே அறையில் வளர்ந்தேன்.

பெறுபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

தம்பி. வில்மார்.

எவ்வளவு நெருக்கம்?
நான்கு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.

ஒன்பது வருஷமாகப் பேசவில்லை என்பதற்குக் கட்டமில்லை.
அவன் பட்டறை வாடகைக்கு நான் ஜாமீன் நின்றேன்.
மூன்று மாதம் அவன் கட்டவில்லை, நான் கட்டினேன்.
ரசீதுகளை வரிசையாக மேசையில் வைத்தபோது
மாத்தேக் குடுவையை ஓசையெழக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:
"அப்பாவின் சவப்பெட்டிக்கு எத்தனை ஆணி என்றுகூட
எண்ணியிருப்பாய் நீ."

எண்ணியிருந்தேன்.
எட்டு.

அன்றிலிருந்து அவனுக்கு நானில்லை, எனக்கு அவனில்லை.
போன மாதம் மைத்துனி இர்மா போன் செய்தாள்.
அழவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்றாள்,
ஒருமுறைக்கு நான்கு மணிநேரம் என்றாள்.
பரிசோதனைக்குப் போனேன்.
ஆறுக்கு ஆறும் பொருந்துகிறது என்றார்கள்,
லாட்டரி விழுந்ததுபோலக் கை குலுக்கினார்கள்.
நான் ஆடவேயில்லை.
தசை தன்பாட்டுக்கு ஆடிவிட்டிருக்கிறது,
ரசீது கேட்காமல்.

டாக்டர் படிவத்தைப் புரட்டினாள்.
"இதில் டிக் இல்லையே?"
தெரியவில்லை என்றேன்.
"யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?"
அந்தப் பெண்ணின் "முடியாது" நினைவுக்கு வந்தது.
இல்லை, என்றேன்.
"அவர் நன்றி சொல்லாவிட்டால்?"
சொன்னால்தான் சங்கடம், என்றேன்.
அவள் ஏதோ எழுதிக்கொண்டாள், நீளமாக.

கீழே, வாசல் மேசைக்காரரிடம்
பேருந்துச் சீட்டை நீட்டினேன்:
உங்கள் லிஃப்ட் கதவு அரை நொடி தாமதம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"தெரியும் அம்மா.
டயாலிசிஸுக்கு வருகிற ஓர் ஆள்
மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டார்.
அரை இல்லையாம், முக்கால் நொடியாம்.
என் பேனாவைக் கடித்துக்கொண்டே இங்கேயே நிற்பார்."

அரைதான், என்றேன்.

கோட்டுக் கையை மேலே தள்ளி
கடிகாரத்தைப் பார்த்தபடி
மறுபடி ஏறினேன்.