இரண்டு நிமிஷம்

தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில்
பில் போடுகிறவள் நான்.
அமோனியா வாடை என் புடவையைவிட்டுப் போவதில்லை.
அமலோர் எதுவார் இங்கே கால் பங்குக்கு முதலாளி.
முக்கால் பங்குக்காரர் எட்டிப் பார்ப்பதே இல்லை,
இவர் விடியற்காலை மூன்று மணிக்கே
போட்டுகளுக்கு முன்னால் வந்து நிற்பார்.

ஆறு வயதில் இந்த ஊரை விட்டுப் போனவர்.
அப்பா பிரெஞ்சுப் பட்டாளம்.
அங்கே ஒரு மலையடிவாரத்து ஊரில்
பதினான்கு வருஷம் சம்பளத்துக்குக் கோல் காத்திருக்கிறார்.
ஐஸ் ஹாக்கி.
"ஐஸ் மேலயா? வழுக்காதா?" என்று
மாசிலாமணி கேட்டதற்கு
"வழுக்கத்தான் சம்பளம்" என்றார்.

நெற்றியில் தையல்.
மேல்வரிசையில் மூன்று பல் காசு கொடுத்து வாங்கியது.
பந்து பட்டுப் போனதில்லை.
பந்தே இல்லையாம் அது, கறுப்பு ரப்பர் வில்லை,
அதிரசம் அளவு, அதைவிடக் கல்லு.
அதையெல்லாம் அவர் பிடித்துவிடுவார்.
பல் போனது தன் அணிக்காரனோடு
உடுப்பு மாற்றும் அறையில்.

கோல் கம்பத்தில் அடித்து உடைத்த கட்டை முப்பத்தொன்று.
எல்லாம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள்.
நடுவரைத் தள்ளியதற்குப் பதினொரு ஆட்டம் தடை.
கடைசி வருஷம்
எதிர்முனையில் ஒருவன் ஏதோ சொன்னானாம்,
நிறத்தையா, அம்மாவையா, அதைச் சொல்லமாட்டார்,
கூண்டை விட்டுக் கிளம்பி
இருபது கிலோ உடுப்போடு
மைதானத்தின் முழு நீளமும் சறுக்கிப் போனார்.
அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்த நேரம்
பின்னால் வில்லை தனியாக,
யாரும் அவசரப்படுத்தாமல்,
காலிக் கூண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
"சத்தமே இல்ல மேடம்.
சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி போச்சு."

ஒரு விதி சொன்னார், எனக்குப் புதுசு.
கோல் காப்பவன் தப்பு செய்தால்
அவனை வெளியே உட்காரவைக்க மாட்டார்களாம்.
கூண்டை யார் பார்ப்பது?
அவனுக்குப் பதில் வேறொருவன்
கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு நிமிஷம்.
"உங்களுக்காக அதிகம் உட்கார்ந்தது யாரு?"
"ஒரு பையன். பத்தொன்பது இருக்கும். கன்னமெல்லாம் பரு."
"பேரு?"
கையில் இருந்த டீ ஆடை கட்டும்வரை யோசித்தார்.

நேற்று நல்ல பங்குனி வெயில்.
தடைக்காலத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது,
அதற்குள் ஐஸ் அள்ளுகிற அவசரம் எல்லோருக்கும்.
மாசிலாமணி கையில் கொக்கி தவறி
ஐம்பது கிலோ பார் ஒன்று
பலகையில் இறங்கி என் மேஜையைப் பார்த்து வந்தது.
நான் எழுந்திருக்கவில்லை, தோன்றவில்லை.
இவர் முழங்கால் இரண்டையும் அகட்டி
கைலியோடு குறுக்கே விழுந்தார்.
நின்றுவிட்டது.
முட்டியில் ரத்தம்.

எழுந்தவர் மாசிலாமணியைத் திட்டிய திட்டு
பாதி பிரெஞ்சு, மீதி குருசுக்குப்பம்.
போதாமல் எடை மெஷினை ஓர் உதை.
கண்ணாடி போச்சு, இரண்டாயிரத்து நானூறு.
"என் பேர்ல எழுதிக்குங்க மேடம்"
என்றான் மாசிலாமணி, போன மாதம் சொன்ன மாதிரியே,
அதற்கு முந்தின மாதம் சொன்ன மாதிரியே.
எழுதப் போனேன்.
பேனாவைப் பிடுங்கினார்.
தன் பேரைத் தாள் கிழிய எழுதினார்.

அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
வெளியே போய்
கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல்
எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்,
நெத்திலி காய்கிற வெயிலில், தலையில் துணிகூட இல்லாமல்.
மாசிலாமணி என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஒரு நிமிஷம் நாற்பது செகண்டில்
எழுந்து வந்துவிட்டார்.
கோபம் போன இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்திருந்தது.

"இன்னும் இருபது செகண்ட் பாக்கி" என்றேன்.

"பில்லுல போடு" என்றார்.